டென்வர்ங்கிறது ஊரா, ஆளா? ஒரே சர்நேம் மனுஷனுக்கும் ஊருக்கும் எப்படி வருது

டென்வர்னு சொன்னா சில பேருக்கு அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்தோட தலைநகரம் ஞாபகம் வரும், சில பேருக்கு கிடாரும் கையுமா நின்னு பாடின ஜான் டென்வர் ஞாபகம் வருவாரு. ஊரு பேரு அவருக்கு வந்துச்சா, அவரு பேரு ஊருக்கு வந்துச்சா? இதைத் தேடிப் போனா ஒரு நாலு கட்டக் கதை கிடைக்கும், ஒரே சர்நேம் மனுஷங்களுக்கும் இடங்களுக்கும் எப்படி பரவுதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனால இதுலயே ஆரம்பிக்கிறேன்.

முதல் கட்டம், இங்கிலாந்துல நார்ஃபக் கவுண்டியில டென்வர்னு ஒரு கிராமம் இருக்கு. டேனிஷ்காரங்க ஆத்தைக் கடக்கிற இடம்ங்கிறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். ரெண்டாவது, அந்த ஊர்ல இருந்து வெளிய போனவங்களுக்கு டென்வர்ங்கிறதே குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சு. மூணாவது, 1858ல அமெரிக்காவுல தங்கம் தேடி வந்த கூட்டம் ஒண்ணு மலையடிவாரத்துல ஒரு ஊரை உருவாக்குச்சு, அந்த இடம் அப்ப கன்சாஸ் பிரதேசத்துக்குள்ள இருந்துச்சு, அதோட கவர்னர் பேரு ஜேம்ஸ் டென்வர். ஊரை உருவாக்கின வில்லியம் லாரிமர் கவர்னரோட தயவு கிடைக்கட்டும்னு அவரு பேரையே வெச்சாரு, ஆனா அந்த சேதி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே டென்வர் பதவிய ராஜினாமா பண்ணிட்டாரு. பேர் மட்டும் நின்னுடுச்சு. நாலாவது கட்டம்தான் பாடகர். 1943ல பிறந்த அவரோட நிஜப் பேரு ஹென்றி ஜான் டாய்ச்சென்டார்ஃப். மேடைக்கு அது ரொம்ப நீளமா இருந்துச்சு, கொலராடோ மேல அவருக்குப் பெரிய பிரியம், அதனால அந்த ஊரு பேரையே தன்னோட சர்நேமா எடுத்துக்கிட்டாரு.

ஊரு, ஆளு, மறுபடி ஊரு, மறுபடி ஆளு. பேர் ரெண்டு பக்கமும் பயணம் பண்ணும். ஒரு சர்நேமையும் ஒரு ஊரையும் ஒண்ணாப் பாத்தா முதல்ல கேக்க வேண்டியது எது முந்தி, எது பிந்தின்னுதான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல ஊர்ல இருந்து ஆளுக்கு எப்படி வருதுன்னு பாக்கலாம், இதுதான் பழைய வழி. இடைக்கால ஐரோப்பாவுல சர்நேம்னு ஒண்ணு பெரும்பாலான ஜனங்களுக்குக் கிடையாது, ஒரே பேர்தான். ஆனா புழக்கத்துல இருந்த பேருங்க ரொம்பக் கம்மி, வில்லியம், ஜான், ராபர்ட்னு திரும்பத் திரும்ப அதே பேருங்க, நிலப் பதிவு எழுதுறவருக்கும் வரி வாங்குறவருக்கும் எந்த வில்லியம்னு தெரியணும் இல்லையா. அதுக்காக நாலு விதமா அடையாளம் சேத்தாங்க, அப்பா பேரு, தொழிலு, ஆளோட தோற்றம் இல்ல குணம், நாலாவது இடம். நம்ம விஷயத்துக்கு வேண்டியது இந்த நாலாவது. இதுல ரசிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு, டென்வர் கிராமத்துக்குள்ளயே இருக்கிற ஒருத்தரை டென்வர்காரர்னு கூப்பிடுறதுல பிரயோஜனமே இல்ல, அங்க எல்லாருமே அப்படித்தான். அவரு வேற ஊருக்குப் போய்க் குடியேறினாத்தான் அந்தப் பேர் அவரைத் தனியாக் காட்டும். அதனால ஒருத்தரோட சர்நேம் ஒரு ஊரு பேரா இருந்தா, அவங்க முன்னோர் அந்த ஊரை விட்டு வந்தவங்களா இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஊருக்கே சொந்தக்காரரா இருந்த பெரிய நிலக்கிழார் குடும்பங்கள் இதுக்கு விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குக்கு உதாரணம் வாஷிங்டன். 12ஆம் நூற்றாண்டுல வில்லியம் டி ஹெர்ட்பர்ன்னு ஒருத்தர், அதாவது ஹெர்ட்பர்ன் ஊரு வில்லியம், இங்கிலாந்தோட வடகிழக்குல வெஸிங்டன்னு ஒரு இடத்துக்கு மாறினாரு, மாறின உடனே அவரு பேரும் வில்லியம் டி வெஸிங்டன் ஆயிடுச்சு. அந்தக் காலத்துல சர்நேம் எவ்வளவு இளகலா இருந்துச்சுன்னு பாருங்க, நிலம் மாறினா பேரும் மாறிடும். அது இறுகிப் பரம்பரைப் பேரா ஆனது பின்னாடிதான். அந்த வெஸிங்டன்தான் இன்னிக்கு வாஷிங்டன், அந்தக் குடும்பத்தோட வழியில வந்தவருதான் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்கத் தலைநகருக்கு 1791ல அவரு பேரை வெச்சாங்க, 1889ல ஒரு மாநிலமே அவரு பேர்ல சேந்துச்சு. இங்கிலாந்துல இருக்கிற அந்தச் சின்ன ஊரோட பேரு அமெரிக்க வரைபடம் முழுக்கப் பரவுனது இப்படித்தான்.

மொழிக்கு மொழி இந்த இடப்பேர் சர்நேமை அடையாளம் கண்டுபிடிக்க சின்னச் சின்ன தடயம் இருக்கு. ஜெர்மன் மொழியில ஊரு பேரோட கடைசியில அர்னு சேத்தா அந்த ஊர்க்காரர்னு அர்த்தம், அதனால ஓப்பன்ஹைமர்னா ரைன் நதிக்கரையில இருக்கிற ஓப்பன்ஹைம் ஊர்க்காரர், வீனர்னா வியன்னாக்காரர், கிராமஃபோனைக் கண்டுபிடிச்ச எமில் பெர்லினரோட சர்நேமுக்கு பெர்லின்காரர்னு அர்த்தம். டச்சு மொழியில வான்னு முன்னாடி வரும், வான் கோன்னா கோக் ஊர்ல இருந்து வந்தவர், கோக் இன்னிக்கும் ஜெர்மனியில டச்சு எல்லையை ஒட்டி இருக்கு. அமெரிக்காவுல ரயில் முதலாளிகளா கொடிகட்டிப் பறந்த வாண்டர்பில்ட் குடும்பத்தோட பேரைப் பிரிச்சா டே பில்ட்ங்கிற டச்சு ஊரு வெளிய வரும், அந்தக் குடும்பத்து ஆள் ஒருத்தர் 1895ல வட கரோலினாவுல கட்டி முடிச்ச பிரம்மாண்ட மாளிகைக்கு பில்ட்மோர்னு பேரு, அந்த பில்ட்டும் இதே பில்ட்டுதான். இத்தாலியில நேப்பிள்ஸ்காரர்னா நபோலித்தானோ, அந்த சர்நேம்ல 2006ல இருந்து 2015 வரைக்கும் ஒரு ஜனாதிபதியே இருந்தாரு. ஆனா லியோனார்டோ டா வின்சி இந்த வரிசையில வர மாட்டாரு. டா வின்சின்னா வின்சி ஊர்ல இருந்து வந்தவர், அவ்வளவுதான், அது அவரோட பரம்பரை சர்நேம் இல்ல. அதனாலதான் கலை வரலாறு எழுதுறவங்க அவரை லியோனார்டோன்னு சொல்வாங்க, வெறும் டா வின்சின்னு எழுதுறதைத் தவிர்ப்பாங்க.

பெரிய ஊரு பேரு மட்டும்தான் வரணும்னு இல்ல, மலை, காடு, ஓடை, பாலம்னு வீட்டுப் பக்கத்துல எது இருந்துச்சோ அதுவும் சர்நேம் ஆகும். ஃபோர்டுங்கிறதுக்கு ஆத்துல ஆழம் இல்லாம நடந்தே கடக்கக்கூடிய துறைன்னு அர்த்தம். அந்தத் துறைப் பேர் ஒரு குடும்பத்துக்கு வந்து, ஹென்றி ஃபோர்டு வழியா காருக்கு வந்து, 1928ல அவரு ரப்பர் தோட்டம் போடணும்னு பிரேசில் நாட்டு அமேசான் காட்டுல தப்பஜோஸ் ஆத்தங்கரையில ஒரு நகரத்தையே கட்டினப்ப அதுக்கு ஃபோர்ட்லாண்டியான்னு பேரா ஆச்சு. ரப்பர் மரங்களை நோய் தின்னுடுச்சு, 1945ல பிரேசில் அரசாங்கத்துக்கே வித்துட்டாங்க, ஆனா ஆத்துத்துறையில பிறந்த பேரு மறுபடி ஒரு ஆத்தங்கரையில போய் நின்னது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இப்ப அடுத்த திசை, ஆள்ல இருந்து இடத்துக்கு. இது பெரும்பாலும் குடியேற்ற காலத்துலயும் அதுக்கு அப்புறமும் நடந்தது, வரைபடத்துல புதுசா ஒரு இடத்தை எழுதுறவங்க கையில பேர் வெக்கிற அதிகாரமும் இருந்துச்சு. அங்க ஏற்கனவே வாழ்ந்துட்டிருந்த ஜனங்க அந்த இடத்துக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க, அதை யாரும் கேக்கல, இதை மறக்கவே கூடாது. எவரெஸ்ட் அதுக்குப் பெரிய சாட்சி. திபெத்துல அந்தச் சிகரத்துக்கு சோமோலுங்மான்னு பேர் இருந்துச்சு. ஆனா 1856ல இந்தியாவோட சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா, தனக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டோட சர்நேமை வெக்கலாம்னு சொன்னாரு. எவரெஸ்ட்டே அதை எதிர்த்தாரு, உள்ளூர் ஜனங்களுக்கு இந்தப் பேரை உச்சரிக்க வராதுன்னு காரணம் சொன்னாரு, அப்படியும் 1865ல அதுவே உறுதியாயிடுச்சு. இதுல இன்னொண்ணு, அவங்க குடும்பத்துல அந்தப் பேரை ஈவ்ரெஸ்ட்னுதான் சொல்வாங்க, நாம இன்னிக்கு சொல்ற உச்சரிப்பு அந்த மனுஷனோட பேரே கிடையாது.

டார்வின் கதை வேற மாதிரி. ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரத்துல டார்வின்னு ஒரு நகரம் இருக்கு, சார்லஸ் டார்வின் அங்க காலே வெச்சதில்ல. அவரு போன பீகிள் கப்பல் அவரு இறங்கினதுக்கு அப்புறம் இன்னொரு பயணம் போச்சு, 1839ல அந்தத் துறைமுகத்தைப் பாத்தப்ப கேப்டன் விக்கம் பழைய கப்பல் சிநேகிதர் ஞாபகமா போர்ட் டார்வின்னு பேர் வெச்சாரு. வருஷத்தைக் கவனிங்க, பரிணாமக் கொள்கையைச் சொல்ற புத்தகம் வந்தது 1859ல, அதுக்கு 20 வருஷம் முன்னாடியே துறைமுகத்துக்கு அவரு பேர் வந்துடுச்சு, அதாவது ஒரு உலகப் புகழ் விஞ்ஞானிக்கு செஞ்ச மரியாதை இல்ல இது, கூடப் பயணம் பண்ண ஒரு இளைஞன் மேல இருந்த நட்பு. ஊரோட அதிகாரபூர்வப் பேர் டார்வின்னு மாறினது 1911ல, அதுவரைக்கும் பாமர்ஸ்டன்.

இனிமே வர்றது கொஞ்சம் உஷாரா இருக்க வேண்டிய பகுதி, ஏன்னா பாக்க சர்நேம் மாதிரி இருக்கும், ஆனா சர்நேம் இல்ல. மெல்போர்ன் நகரத்துக்கு 1837ல ஒரு பிரிட்டிஷ் பிரதமரோட பேரைத்தான் வெச்சாங்க, ஆனா அவரு பேரு வில்லியம் லாம், மெல்போர்ன்ங்கிறது அவரோட பிரபுப் பட்டம், அந்தப் பட்டமே டெர்பிஷையர்ல இருக்கிற மெல்போர்ன்ங்கிற ஊர்ல இருந்து வந்தது. சர்நேமை வெச்சிருந்தா அந்த நகரத்துக்கு லாம்னு பேர் இருந்திருக்கும். சிட்னியும் அப்படித்தான், சிட்னி பிரபுவோட சர்நேம் டவுன்ஷெண்ட். நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனும் அப்படித்தான், வெலிங்டன் டியூக்ங்கிற பட்டம் வாங்கினவரோட சர்நேம் வெல்லெஸ்லி. முதல் பேர்ல இருந்து வர்றதும் உண்டு, அமெரிக்காங்கிற பேரே அமெரிகோ வெஸ்புச்சியோட முதல் பேர்ல இருந்து 1507ல வந்த ஒரு வரைபடம் மூலமாப் பரவுனது. ஒரே ஆளோட ரெண்டு பேரும் அடுத்தடுத்து இருக்கிற இடமும் உண்டு, ஜாம்ஷெட்ஜி டாடாவோட முதல் பேர் ஜாம்ஷெட்பூர் நகரத்துக்கு, அந்த ஊரு ரயில்வே ஸ்டேஷனுக்கு சர்நேம், டாடாநகர்.

இன்னும் சிக்கலானது புனைபேர். லெனினோட உண்மையான சர்நேம் உல்யானோவ், லெனின்ங்கிறது அவரு எழுத்துக்கும் இயக்கத்துக்கும் வெச்சுக்கிட்ட பேரு. அவரு இறந்த 1924ல ரெண்டு நகரத்துக்குப் பேர் மாத்தினாங்க, பெட்ரோகிராட் லெனின்கிராட் ஆச்சு, அவரு பிறந்த சிம்பிர்ஸ்க் உல்யானோவ்ஸ்க் ஆச்சு. 1991ல லெனின்கிராட் திரும்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிடுச்சு, ஆனா உல்யானோவ்ஸ்க் இன்னிக்கும் அதே பேர்லதான் இருக்கு. வெச்சுக்கிட்ட பேர் போயிடுச்சு, பிறந்தப்ப வந்த பேர் நின்னுடுச்சு.

வெச்ச பேரை ஜனங்க எடுக்கிறதும் நடக்கும். செசில் ரோட்ஸோட சர்நேம்ல ஆப்பிரிக்காவுல ரெண்டு ரொடீஷியா இருந்துச்சு, வடக்கு ரொடீஷியா 1964ல சாம்பியா ஆச்சு, தெற்கு 1980ல ஜிம்பாப்வே ஆச்சு. தன் நிலத்தைப் பிடிச்சவரோட சர்நேமைத் தன் நாட்டுப் பேராச் சுமக்கிற வலி அங்க வாழ்ந்தவங்களுக்குத்தான் தெரியும், மாத்தினது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா பொலிவியா அதே மாதிரி ஒரு ஆளோட சர்நேம்தான், சிமோன் பொலிவார், 1825ல ஸ்பெயின் ஆட்சியில இருந்து விடுபட்டு நாடாச்சு, அந்த விடுதலைக்குத் தலைமை தாங்கினவரோட பேர்ங்கிறதால அதை யாரும் எடுக்கல. அவரு சர்நேமோட மூலம் எதுன்னு போனா அதுவும் ஒரு ஊருதான், ஸ்பெயினோட பாஸ்க் பகுதியில இருக்கிற பொலிபார், அந்தப் பேருக்கு மாவரைக்கிற ஆலை இருக்கிற பள்ளத்தாக்குன்னு அர்த்தம்.

ஆரம்பத்துல படிக்கிறவங்க அதிகமா சறுக்குற இடம், பேர் ஒண்ணா இருந்தா மூலமும் ஒண்ணுதான்னு நினைக்கிறது. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கன், 1867ல ஆப்ரகாம் லிங்கன் ஞாபகமா வெச்ச பேரு. தெற்கு ஆஸ்திரேலியாவுல போர்ட் லிங்கன்னு ஒரு ஊரு இருக்கு, அதுக்கு 1802ல பேர் வெச்சவரு மாத்யூ ஃபிளிண்டர்ஸ், அவரோட சொந்தக் கவுண்டி லிங்கன்ஷையர். ஆப்ரகாம் லிங்கன் பிறந்ததே 1809ல, அதனால அவருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இருக்கவே முடியாது, ஒரே ஒரு வருஷத்தைப் பாத்தாலே முடிஞ்சுது. ஹூஸ்டனும் இப்படித்தான், டெக்சஸ்ல இருக்கிற பெரிய நகரம் சாம் ஹூஸ்டன் பேர்ல 1836ல வந்தது, நியூயார்க்ல இருக்கிற ஹௌஸ்டன் தெரு வில்லியம் ஹௌஸ்டன்ங்கிற வேற ஒருத்தரோடது, இங்கிலீஷ்ல எழுதுறது இன்னிக்கு ஒண்ணுதான், ஆனா அந்தத் தெருவை நியூயார்க்காரங்க ஹௌஸ்டன்னுதான் சொல்வாங்க. ஆள் வேறன்னு உச்சரிப்புலயே தெரியும்.

ஆளுங்க பக்கமும் அதே எச்சரிக்கை வேணும். ஒருத்தருக்கு பெர்லின்னு சர்நேம் இருக்கிறதால பெர்லின்ல இருந்து வந்த குடும்பம்னு முடிவு பண்ண முடியாது. இர்விங் பெர்லின்னு அமெரிக்காவுல கொண்டாடின பாடலாசிரியர் இஸ்ரேல் பெய்லின்னு பிறந்தவரு, 1907ல அவரோட முதல் பாட்டு அச்சானப்ப தாள்ல ஐ. பெர்லின்னு விழுந்துச்சு, அதையே வெச்சுக்கிட்டாரு. அந்தப் பேரால 1944ல ஒரு கூத்தும் நடந்துச்சு, வாஷிங்டன்ல இருந்து நல்ல அரசியல் அறிக்கைகள் அனுப்பிட்டிருந்த தத்துவ அறிஞர் ஐசையா பெர்லினைப் பாக்கணும்னு சர்ச்சில் ஆசைப்பட்டாரு, சாப்பாட்டு மேசையில வந்து உக்காந்தது பாட்டெழுதுற பெர்லின், போர் எப்ப முடியும்னு சர்ச்சில் அவருகிட்ட சீரியஸா விசாரிச்சாரு.

ஆனா ஒரு சர்நேம் இன்னொரு குடும்பத்துக்கு வந்த கதையில வேடிக்கையே இல்லாத ஒண்ணும் இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. 2000ஆம் வருஷ அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குப்படி வாஷிங்டன்ங்கிற சர்நேம் இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவங்க. அடிமைகளா இருந்தவங்களுக்கு சட்டப்படி சர்நேம்னு எதுவும் அங்கீகாரம் கிடையாது, விடுதலை கிடைச்சப்ப நிறைய பேர் தாங்களே ஒரு பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. அடிமையாப் பிறந்து பின்னாடி பெரிய கல்வியாளரா ஆன புக்கர் டி. வாஷிங்டன், சின்னப் பையனா பள்ளிக்கூடம் போனப்ப வாத்தியார் முழுப்பேரைக் கேக்க, மத்த பசங்களுக்கெல்லாம் ரெண்டு பேர் இருக்கிறதைப் பாத்துட்டு புக்கர் வாஷிங்டன்னு அந்த இடத்துலயே சொன்னவரு. அவருக்கும் இங்கிலாந்துல இருக்கிற அந்த வாஷிங்டன் ஊருக்கும் ரத்த சம்பந்தம் இருக்குன்னு பேரை வெச்சுச் சொல்ல முடியாது. சர்நேம் எப்பவும் வம்சத்தைக் காட்டாது, சில நேரம் ஒருத்தர் தன்னை யாருன்னு முடிவு பண்ணின நிமிஷத்தைத்தான் காட்டும்.

கம்பெனி வழியாவும் சர்நேம் ஊருக்குப் போகும். ஜப்பான்ல டொயோடாங்கிற குடும்பத்தோட பேர்ல கார் கம்பெனி ஆரம்பிச்சப்ப எழுதுறதுக்கு எட்டே கோடு வர்ற மாதிரி டொயோட்டான்னு மாத்தினாங்க, அப்புறம் 1959ல கம்பெனி இருந்த கொரோமோங்கிற நகரமே தன் பேரை டொயோட்டான்னு மாத்திக்கிச்சு. அந்தக் குடும்பப் பேருக்கு மூல அர்த்தம் செழிப்பான நெல் வயல், அதாவது நிலத்துல ஆரம்பிச்சு நிலத்துக்கே திரும்பி வந்துடுச்சு.

இப்ப பேர் வெக்கிற வேலை பூமியைத் தாண்டியும் போயிடுச்சு. நிலாவுல இருக்கிற பள்ளங்களுக்கு விஞ்ஞானிகளோட சர்நேமைத்தான் வெக்கிறாங்க, அதுல ஒரே குடும்பத்துல மூணு பேர் வந்தா என்ன பண்றது? வில்லியம் ஹெர்ஷெல், அவரு தங்கச்சி கரோலின், அவரு பையன் ஜான், மூணு பேருமே வானியலாளர்கள். வில்லியமோட பள்ளத்துக்கு வெறும் ஹெர்ஷெல்னு வெச்சாங்க, மத்த ரெண்டுக்கும் முன்னாடி ஒரு எழுத்து சேத்து சி. ஹெர்ஷெல், ஜே. ஹெர்ஷெல்னு ஆக்கினாங்க. கியூரி விஷயத்துல வேற வழி எடுத்தாங்க, நிலாவுல கியூரின்னு இருக்கிற பள்ளம் பியர் கியூரியோடது. மேரி கியூரி பேரைத் தேடினா கியூரின்னு ரெண்டாவது பள்ளம் கிடைக்காது, நிலாவோட மறுபக்கத்துல ஸ்க்லோடோவ்ஸ்கான்னு ஒரு பெரிய பள்ளம் இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி வார்சாவுல அவங்க எழுதிட்டிருந்த சர்நேம் அதுதான்.